சிந்தவிட்ட கதிர்: செம்பாக்கத்தில் ஒரு ஸ்காட்லாந்து நடனம்

எனக்கு இடது கை என்று ஒன்று இருப்பது ஐம்பத்துமூன்றாம் வயதில்தான் தெரியவந்தது. அதற்கு முன்பும் அது தோளிலிருந்து தொங்கிக்கொண்டுதான் இருந்தது. கடிகாரம் கட்டவும் பை தூக்கவும் இன்னும் சில சொந்த அலுவல்களுக்கும் ஒதுக்கப்பட்ட ஊழியனாக, யார் கண்ணிலும் படாமல் காலம் தள்ளியது. அதை இன்னொரு மனிதரிடம் நீட்டலாம் என்று முதன்முதலாக என்னிடம் சொன்னவர், செம்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் இருக்கும் டீச்சர். நீட்டச் சொன்னது ஒரு ஸ்காட்லாந்து கிராமிய நடனத்துக்காக.

டீச்சர் தாம்பரத்துப் பள்ளி ஒன்றில் முப்பது வருடம் கணக்கு நடத்தி ஓய்வுபெற்றவர். கணவர் இறந்து நாலு வருடமாகிறது. மகள் ஸ்காட்லாந்தில் ஒரு சின்ன ஊரில் நர்ஸ். மகளின் பிரசவத்துக்காகப் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தார். இப்படிப் போய் வருகிற பெற்றோர்கள் வழக்கமாகக் கொண்டுவருவது கொஞ்சம் சாக்லேட்டும், 'அங்கெல்லாம் ஹாரன் அடிக்கவே மாட்டாங்க' என்கிற செய்தியும். டீச்சர் ஒரு நடனத்தைக் கொண்டுவந்தார். கொண்டுவந்தார் என்பதுகூடச் சரியில்லை. அதை உண்டாக்கியவரே அவர்தான்.

இது மேடையில் ஏறி ஆடுகிற சங்கதி இல்லை. அந்த ஊர்க்காரர்கள் வாரத்தில் ஒரு நாள் சர்ச் ஹாலில் கூடுவார்களாம். தபால்காரர், பல் மருத்துவர், ஓய்வுபெற்றவர்கள், எல்லாரும். இரண்டு வரிசையாக எதிரெதிரே ஜோடிகளாக நிற்பார்கள். பாட்டு ஆரம்பித்ததும் எட்டு எட்டாக எண்ணிக்கொண்டு இடம் மாறுவார்கள், சுற்றுவார்கள், கை கோப்பார்கள், கடைசியில் கிளம்பின இடத்துக்கே வந்து சேர்வார்கள். யார் வேண்டுமானாலும் புதிதாக ஒன்றை அமைக்கலாம், பெயர் வைக்கலாம். அத்தையின் பிறந்தநாள், விடாமல் பெய்த ஒரு மழை, பக்கத்து வீட்டு நாய், எது வேண்டுமானாலும் பெயராகலாம். டீச்சர் முதல் நாளே இதைக் கணக்காகப் பார்த்திருக்கிறார். ஆறு பேர், எட்டு எண்ணிக்கை, யார் எங்கே? அவருக்கு இது கரும்புச் சாறு.

ஆனால் முதல் இரண்டு வாரம் அவர் ஆடவில்லை. அந்த நடனங்கள் எல்லாமே ஜோடிகளுக்கானவை. தனியாக வந்தவர்கள் சுவரோரம் போட்டிருந்த நாற்காலிகளில் உட்கார வேண்டியது. யாராவது ஒருவர், தன் மனைவியையோ கணவரையோ ஒரு பாட்டுக்குக் கடன் கொடுத்தால் எழுந்திருக்கலாம். யாரும் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை, டீ எல்லாம் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தார்கள் என்றார் டீச்சர். அதனால்தான் மூன்று ஜோடிகளும் தனியாக வந்த ஒருவரும் சேர்ந்து ஏழு பேராக ஆடுகிற நடனம் ஒன்றை அமைத்தார். அதில் அந்த ஏழாம் ஆள் உபரி இல்லை. அவர் இல்லாவிட்டால் மற்ற ஆறு பேரும் ஆடவே முடியாது.

ஹால்காரர்கள் படித்துப் பார்த்து மகிழ்ந்துவிட்டார்கள். வருடத்துக்கு ஒரு முறை அவர்கள் போடும் சிறு கையேட்டில் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். சேர்ந்துவிட்டால் அந்த ஊரில் மட்டுமல்ல, சுற்றுவட்டாரத்து ஹால்களிலும் ஆடுவார்கள். நாற்காலியில் இருப்பவருக்கு ஒரு பாட்டாவது உறுதி. ஒரே ஒரு நிபந்தனை. காகிதத்தில் எல்லா நடனமும் நன்றாகத்தான் ஓடும். ஆகவே இதற்கு முன்பு ஆடியே இராத சாதாரண மனிதர்கள், முதலிலிருந்து கடைசிவரை நிற்காமல் ஆடிய வீடியோ ஒன்று வேண்டும். மாதக் கடைசிக்குள் வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருடம்தான், அதற்குள் கையேட்டுக் குழுவே மாறிவிடலாம். டீச்சர் இதை ரயில் நேரம் சொல்வதுபோலச் சொன்னார். ஆனால் அவர்கள் அனுப்பிய கடிதத்தைத் தொலைபேசியில் அவர் எனக்குத் திறந்து காட்டியபோது, தேடாமலே விரல் போன விதத்திலிருந்து, அது ஏற்கெனவே பல முறை திறக்கப்பட்ட கடிதம் என்று தெரிந்தது.

குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் 'நடக்கத் தெரிந்தவர்கள் ஆறு பேர் தேவை' என்று போட்டார். முப்பத்தாறு வீடுகளில் நாலு பேர் முன்வந்தோம். அதிலும் நான் முன்வந்தேன் என்பது மிகை. சர்க்கரைக்கு நல்லது என்று என் மனைவி எங்கள் இரண்டு பேர் பெயரையும் சேர்த்துவிட்டாள். அடுத்த ஜோடி கீழ்வீட்டுக்காரர்கள். கணவர் மறைமலை நகரில் கார் உதிரி பாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். எதையும் மில்லிமீட்டரில் பார்ப்பவர். முதல் நாளே எங்கள் குடியிருப்பின் பொது ஹால் தரையில் டேப் ஒட்டி எங்கள் இடங்களைக் குறித்துவிட்டார். அவர் மனைவி வீட்டில் இந்தி டியூஷன் எடுப்பவர். மூன்றாவது ஜோடியை டீச்சரே போய்க் கூட்டிவந்தார். எங்கள் வாசலில் தள்ளுவண்டி போட்டு இஸ்திரி போடும் அண்ணாவும் அக்காவும். இவர்கள் எப்படி என்று குழுவில் யாரோ முனகியதற்கு, புடவையை எட்டாக மடிக்கிறவர்களுக்கு எட்டு எண்ணத் தெரியாதா என்று டீச்சர் பதில் போட்டார். அதற்குப் பிறகு குழுவில் தண்ணீர் லாரி பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

நடனத்தின் உயிர் ஒரு வட்டத்தில் இருந்தது. ஆறு பேரும் வட்டமாக ஒரு திசையில் போய்க்கொண்டிருப்போம். தனி ஆள், அதாவது டீச்சர், எதிர்த்திசையில் எங்கள் நடுவே புகுந்து வருவார். முதலில் வருபவரின் வலது கை, அடுத்தவரின் இடது கை, மறுபடி வலது, மறுபடி இடது என்று ஒவ்வொரு கையாகப் பிடித்துக்கொண்டே நகர்ந்து, ஆறாவது கையில் தன் இடத்தை அடைவார். இதையே மூன்று முறை. ஒவ்வொரு முறையும் வரிசை மாறும் என்பதால், போன தடவை வலது கை கொடுத்தவர் இந்தத் தடவை இடது கை கொடுக்க வேண்டும்.

இங்கேதான் செம்பாக்கம் கவிழ்ந்தது. இடது கை கொடுக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒருவரைத் தவிர எல்லாரும் வலது கையை நீட்டினோம். மூளை இடது என்று சொல்லும். கை கிளம்பும். பாதி வழியில் அதற்கு அதன் பூர்வீகம் ஞாபகம் வந்து பின்வாங்கும். உடனே வலது கை ஓடிவந்து மன்னிப்புக் கேட்பதுபோல் நீளும். வலது கை வருகிற பக்கம் வேறு ஆகையால் உடம்பு திரும்பும், பின்னால் வருபவர் முட்டுவார், வட்டம் இடியாப்பமாகும். என் மனைவி ஒரு முறை இடது கையைக் கொடுத்துவிட்டு 'சாரி டீச்சர், லெஃப்ட் ஹேண்ட்' என்றாள். ஸ்காட்லாந்தில் ஆட ஆரம்பித்த முதல் நாள் தானும் ஒரு பெரியவரிடம் இதையே சொன்னதாகவும், அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதில் என்ன குறை என்று கேட்டதாகவும் டீச்சர் சொன்னார்.

எங்களில் இந்த வியாதி இல்லாதவர் இஸ்திரி அண்ணா ஒருவர்தான். அவர் இடது கைக்காரர். இஸ்திரிப் பெட்டியையே இடது கையில்தான் பிடிப்பார். "இந்தக் கைக்கோசரம் சின்ன வயசுல எவ்ளோ ஒத வாங்கிக்கீறேன் தெர்மா டீச்சரம்மா," என்றார். "இப்ப இதுக்குத்தான் மவுசா?"

ஒரு வாரத்துக்கு எல்லாவற்றையும் இடது கையால் கொடுத்து வாங்கிப் பழகுங்கள் என்று தரப் பரிசோதகர் யோசனை சொன்னார். நான் சொன்ன பேச்சைக் கேட்பவன். பிரதோஷத்தன்று கோயிலில் குருக்களிடம் இடது கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் விபூதியை விரல்களில் ஏந்தியபடி, பொறுமையாக, வேறு கை வரும்வரை காத்திருந்தார். எனக்குப் பின்னால் வரிசையும் காத்திருந்தது. யோசனை சொன்னவர் தொழிற்சாலையில் அதைச் செய்து பார்க்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

மாதம் முடிய பத்து நாள் இருந்தது. ஒரு முறைகூட மூன்று சுற்று முடிந்தபாடில்லை. டீச்சர் கோபப்படவில்லை. முப்பது வருடம் பத்தாம் வகுப்பைப் பார்த்தவர். ஆனால் ஒரு நாள் பாட்டை நிறுத்திவிட்டு, சரி, வேறு யாராவது கிடைப்பார்களா என்று பார்க்கலாமா என்று கேட்டார். கிடைக்கமாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும்.

அந்த மௌனத்தை நிரப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மௌனத்தைப் பார்த்தால் சொற்பொழிவாற்றுவது என் பழைய பழக்கம். அவர் நடனத்துக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'சிந்தவிட்ட கதிர்' என்று வரும். வேதாகமத்திலிருந்து எடுத்தது என்று மட்டும் சொல்லியிருந்தார். நான் படித்தது மிஷன் பள்ளி. வேதபாடத்தில் பரிசு வாங்கிய இந்துப் பையன்களில் ஒருவன். ஆகவே அந்தப் பெயரின் பின்னணியை எல்லோருக்கும் விளக்கினேன். ஒரு வாலிபன் கனவு காண்கிறான், கனவில் அவன் அறுத்த கதிர்க்கட்டு நிமிர்ந்து நிற்கிறது, அண்ணன்மாரின் கட்டுகள் அதை வணங்குகின்றன, அவர்கள் பொறாமையில் அவனைக் குழியில் தள்ளுகிறார்கள் என்று ஆரம்பித்து, எகிப்து வரைக்கும் போய், பஞ்சத்தைக் கடந்து, நடனத்தின் வட்டம் விதியின் சுழற்சியைக் குறிக்கிறது என்று முடித்தேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும். டீச்சர் ஒரு வார்த்தை குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

இஸ்திரி அக்காதான் வாயைத் திறந்தார். "இன்னா சார், நீ சொல்ற கதைல கட்டு நிமிந்து நிக்குது. டீச்சரம்மா சிந்துனதுன்னு பேரு வெச்சிக்கீறாங்க. இது வேற கதை சார்."

வேறு கதைதான். டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார். வேதாகமத்தில் நாலே அதிகாரம் கொண்ட சின்னப் புத்தகம் ஒன்றில் வருவது. கணவனை இழந்த ஓர் இளம்பெண் மாமியாரோடு மாமியாரின் ஊருக்கு வருகிறாள். அவளுக்கு அது அந்நிய நாடு. அறுவடைக் காலம். அறுப்பவர்கள் கையிலிருந்து சிந்துகிற கதிர் ஏழைக்கும் பரதேசிக்கும் உரியது, நிலத்துக்காரர் திரும்பிப்போய்ப் பொறுக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். அவள் அறுப்பவர்கள் பின்னாலேயே பொறுக்கிக்கொண்டு போகிறாள். நிலக்காரர் பார்க்கிறார். தன் ஆட்களைக் கூப்பிட்டு, அவளுக்காகக் கட்டிலிருந்து வேண்டுமென்றே கொஞ்சம் சிந்திவிட்டுப் போங்கள், அவளை ஒன்றும் சொல்லாதீர்கள் என்கிறார். அவளுக்கு இது தெரியாது. அன்று சாயந்திரம் பொறுக்கியதைத் தட்டிப் பார்த்தால் மாமியாரே ஆச்சரியப்படுகிற அளவு இருக்கிறது.

"மூட்டையாவே குடுத்திருக்கலாம்," என்றார் டீச்சர். "குடுத்தா அவ வாங்கினவ. சிந்தினா அவ சம்பாதிச்சவ."

ஸ்காட்லாந்தில் மூன்றாம் வாரம் ஒரு வயதான தம்பதி டீச்சரை நாற்காலியிலிருந்து எழுப்பி ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்களாம். எங்கே போவது என்று தெரியாமல் அவர் திரும்பிய இடத்தில் எல்லாம் ஒரு கை தற்செயலாகக் கிடந்திருக்கிறது. யாரும் கூப்பிடவில்லை, கண்ணால்கூடக் காட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்த நாலு அதிகாரத்தைத் திறந்து உட்கார்ந்திருக்கிறார். பெயர் முதலில் வந்தது, நடனம் பிறகுதான்.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். கரும்பலகையில் தன் தவற்றைத் தானே கண்டுபிடித்த ஆசிரியரின் முகம் எப்படி இருக்கும் என்று அன்று பார்த்தேன்.

"நான்தான் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன்," என்றார். "குடுங்க குடுங்கன்னே சொல்லிட்டு இருக்கேன். நீங்க யாரும் கை குடுக்காதீங்க. கையை மறந்துட்டுப் போங்க."

தரப் பரிசோதகர், கையை எந்த எண்ணிக்கையில் மறக்க வேண்டும் என்று கேட்டார். ஆனால் எங்களுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து ஆடினோம். எதிரே வருபவரைப் பார்க்காமல், போகிற திசையைப் பார்த்துக்கொண்டு நடந்தோம். கையை மட்டும் உடம்புக்குப் பின்னால் சற்றுத் தள்ளி, வீட்டில் வைத்துவிட்டு வந்த குடையைப் போல விட்டுவிட்டுப் போனோம். டீச்சர் அதை எடுத்துக்கொண்டார். இடது கை தயங்கவே இல்லை. இடது கையால் கொடுப்பதற்குத்தான் எங்களுக்குத் தடை. இடது கையை மறப்பதில் எங்களுக்கு ஆயுள்கால அனுபவம் உண்டு.

அந்த மாலையில் அவர்மேல் எனக்கு உண்டான மரியாதையை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நான் அந்தப் புத்தகத்தைப் பரிசுக்காகப் படித்தவன். கனவையும் குழியையும் கலந்துகட்டி இருபது வருடமாகக் கதை எழுதிக்கொண்டிருப்பவன். அவர் ஒரு வசனத்தை எடுத்து, அதை ஏழு பேர் காலால் நடக்கிற மாதிரி செய்திருந்தார். விளக்கவுரையே தேவைப்படாத விளக்கம்.

பத்து நாளும் ஆடினோம். மாதத்தின் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. டீச்சர் ஆராதனை முடிந்து வந்தார். இஸ்திரி வண்டிக்குப் படுதா போட்டு மூடினார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உச்சியில் தொலைபேசியைச் சாய்த்து வைத்தார் தரப் பரிசோதகர். முதல் தடவை பாதியில் மின்சாரம் போய் ஒலிபெருக்கி நின்றது. இரண்டாம் தடவை யாரோ தண்ணீர் கேன்காரர் நடுவில் வந்து எத்தனை என்று கேட்டார். மூன்றாம் தடவை ஆரம்பித்தபோது எல்லாருக்கும் மூச்சு வாங்கியது. டீச்சருக்கு முழங்கால் வலி என்பது அவர் படி இறங்கும் விதத்திலிருந்து எங்களுக்குத் தெரியும். இதுவும் நின்றால் இன்னொன்று ஆட அவரால் முடியாது. கேட்டால் முடியும் என்பார்.

முதல் சுற்று சுத்தம். இரண்டாம் சுற்று அதைவிடச் சுத்தம். அக்கார்டியன் இசை எங்களைத் தூக்கிக்கொண்டு போனது. நமக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். அப்படி நினைக்கிற கணத்தில்தான் எனக்கு எதுவும் வராமல் போகும். மூன்றாம் சுற்றில் வட்டம் தொடங்கும்போது நான் தவறான பக்கம் திரும்பினேன். ஐந்து பேர் ஒரு பக்கமும், டீச்சரும் நானும் எதிர்ப்பக்கமும் போய்க்கொண்டிருந்தோம். ஏதோ செய்து சமாளித்தேன். என் கால்கள் தாமாகவே வழி கண்டுபிடித்தன. பாட்டு முடிந்தபோது எல்லாரும் அவரவர் டேப்பின்மேல் நின்றுகொண்டிருந்தோம். நான் உட்பட.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே, தப்பாகத் திரும்பியும் எப்படி மீண்டு வந்தேன் பார்த்தாயா, உள்ளுக்குள் ஒரு தாள ஞானம் இருக்கிறது என்று மனைவியிடம் சொன்னேன். இருக்கு இருக்கு என்று அவள் வியர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு ஏழு பேரும் அந்தச் சின்னத் திரையைச் சுற்றி நின்று பார்த்தோம். மூன்றாம் சுற்று வந்தது. கட்டம்போட்ட சட்டைக்காரர் ஒருவர் வழி தெரியாத கன்றுக்குட்டிபோல எதிர்த்திசையில் திரும்புகிறார். எதிரே வரும் இஸ்திரி அக்கா டீச்சருக்கு ஒரு கையை விட்டுவிட்டு, எங்கோ பார்த்தபடி இன்னொரு கையையும் விட்டுச் செல்கிறார். சட்டைக்காரர் அதைப் பிடிக்கிறார். அடுத்து தரப் பரிசோதகர். அடுத்து அவர் மனைவி. அடுத்து இடது கைக்கார அண்ணா, வலது கையால். கடைசியில் என் மனைவி. ஐந்து பேர், ஐந்து கைகள். ஒருவர்கூடச் சட்டைக்காரரின் முகத்தைப் பார்க்கவில்லை. தாள ஞானம் முழுவதும் அந்த ஐந்து பேரிடம் இருந்தது. திரையிலிருந்து தலையைத் தூக்கினால் எல்லாரும் ஒலிபெருக்கி ஒயரைச் சுருட்டுவதிலும் நாற்காலியைப் பிரிப்பதிலும் மும்முரமாக இருந்தார்கள்.

தவறோடு அனுப்புவதா என்ற கேள்வி எழுந்தது. அனுப்பாவிட்டால் மாதம் போயிற்று. தரப் பரிசோதகர் தன் தொழில் தர்மப்படி இதை நிராகரிக்க வேண்டும் என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்துப் பாதியில் விட்டார்.

"நிக்காம ஆடணும்னுதானே கேட்டாங்க," என்றார் டீச்சர். "நிக்கலியே." அனுப்பிவிட்டார்.

மூன்று வாரம் பதில் இல்லை. நான் மாடிப்படியில் டீச்சரைப் பார்க்கும்போதெல்லாம் ஏரியில் தண்ணீர் ஏறிவிட்டதா என்பதுபோன்ற விஷயங்களைப் பேசினேன். நாலாவது வாரம் பதில் வந்தது. சேர்த்துக்கொள்கிறார்கள். கூடவே இரண்டு சந்தேகங்கள். ஒன்று, மூன்றாம் சுற்றில் கட்டம்போட்ட சட்டை அணிந்த கனவான் எதிர்த்திசையில் செல்வது நடனத்தின் பகுதியா? இல்லை, அது எங்கள் சாரின் தவறு என்று டீச்சர் உள்ளது உள்ளபடி எழுதினார். நிராகரிக்கப்பட்ட என் படைப்புகளில் இதுதான் அதிக தூரம் போனது. இரண்டாவது, உங்கள் ஆட்டத்தில் ஒருவரும் தான் தருகிற கையைப் பார்ப்பதில்லை, அது பழக்கமின்மையா, உத்தியா? அதற்குப் பதிலாக டீச்சர் அந்த வசனத்தின் எண்ணை மட்டும் அனுப்பினார்.

கையேடு அச்சாகி வந்தபோது பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தார்கள். நடனத்தின் பெயருக்குக் கீழே வசன எண்ணும், அதற்குக் கீழே ஒரே வரிக் குறிப்பும் இருந்தன: தனி ஆளைப் பார்க்காதீர்கள், கையை விட்டுச் செல்லுங்கள். கூடவே அந்த ஹாலில் ஆடிய வீடியோ ஒன்று. டீச்சர் எங்களை மேலே கூப்பிட்டு டிவியில் போட்டுக் காட்டினார். இஸ்திரி அண்ணாவும் அக்காவும் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஏழாம் ஆளாக இருந்தவர் எண்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதர். பச்சை ஸ்வெட்டர். அவர் மனைவி போன குளிர்காலத்தில் இறந்துவிட்டதாகவும், அதன்பிறகு ஹாலுக்கு வந்தாலும் தேநீர் மேசைப் பக்கமே இருந்துவிடுவார் என்றும் தன் மகள் சொன்னதாக டீச்சர் சொன்னார். இசை ஆரம்பித்தது. முதல் சுற்றில் அவர் இரண்டு இடத்தில் தடுமாறினார். இரண்டு இடத்திலும் ஒரு கை வந்து கிடந்தது. மூன்றாம் சுற்றில் ஆறாவது கையை விட்டுத் தன் இடத்துக்கு வந்து சேர்ந்தவர், நிமிர்ந்து, ஸ்வெட்டரைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். இன்னும் நமக்கு ஆட வருகிறது என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். சுற்றிலும் இருந்த ஆறு பேரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டீச்சர் ரிமோட்டைக் கையில் வைத்தபடி அந்த இடத்தைத் திரும்பப் போட்டார். இன்னொரு முறையும் போட்டார்.

"அவருக்குத் தெரியல, பாருங்க," என்றார். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.